நம்ம எம்.பி. டெல்லியில் என்ன செய்கிறார்? நாடாளுமன்றத்தை வீட்டிலிருந்தே கவனிப்பது எப்படி

எம்.பி. என்றால் தார்ச்சாலை போட்டுத் தருபவர், ஊரில் ரயில் நிற்க ஏற்பாடு செய்பவர், பஸ் நிழற்குடையில் பெயர் எழுதிக்கொள்பவர் என்றுதான் நம்மில் பலர் நினைத்துக்கொண்டிருக்கிறோம். அதற்குக் காரணம் தொகுதி மேம்பாட்டு நிதி. வருஷத்துக்கு 5 கோடி ரூபாய் வரையிலான வேலைகளை அவர் பரிந்துரைக்கலாம், 1993ல் ஆரம்பித்த திட்டம் அது. ஆனால் அவரை நாம் அனுப்பியது அதற்காக இல்லை. சட்டம் செய்ய, அரசாங்கத்தைக் கேள்வி கேட்க, அரசு எடுத்துச் செலவழிக்கும் பணத்துக்கு அனுமதி கொடுக்க அல்லது மறுக்க, இந்த மூன்றுக்காகத்தான் அனுப்பினோம். இந்த மூன்றையும் அவர் எப்படிச் செய்கிறார் என்பதைக் கையில் இருக்கும் போனிலேயே பார்த்துவிடலாம், எல்லாம் பொதுவில்தான் கிடக்கிறது. எதை, எங்கே, எந்த வரிசையில் பார்ப்பது என்பதைச் சொல்லத்தான் இந்தப் பதிவு.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். டிவியில் வரும் கூச்சல், வெளிநடப்பு, வைரலாகும் 2 நிமிட வீடியோ, இவற்றை வைத்து எந்த எம்.பி.யையும் எடை போடாதீர்கள். கேள்விப் பட்டியல், மசோதாவின் வரைவு, குழு அறிக்கை, இந்த மூன்று காகிதங்களில்தான் உண்மையான வேலை இருக்கிறது.

யார் யார் இருக்கிறார்கள்

அரசியலமைப்பின் 79வது பிரிவுப்படி நாடாளுமன்றம் என்பது குடியரசுத் தலைவர், மாநிலங்களவை, மக்களவை மூன்றும் சேர்ந்தது. குடியரசுத் தலைவர் எந்த அவையிலும் உறுப்பினர் கிடையாது, ஆனால் அவர் ஒப்புதல் இல்லாமல் எந்த மசோதாவும் சட்டமாகாது, அதனால் அவரும் அதன் ஒரு பகுதி.

மக்களவையில் இப்போது 543 இடங்கள். நாம் நேரடியாக ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுப்பது இவர்களைத்தான். தமிழ்நாட்டுக்கு 39, புதுச்சேரிக்கு 1. ஆங்கிலோ இந்தியர்களுக்கு என்று இருந்த 2 நியமன இடங்களை 104வது திருத்தம் 2020ல் முடித்துவைத்தது. ஐந்து வருஷம் முடிந்தாலோ அதற்கு முன்பே கலைக்கப்பட்டாலோ இந்த அவையின் ஆயுள் முடிந்தது.

மாநிலங்களவையில் 245 இடங்கள். அதில் 12 பேர் குடியரசுத் தலைவர் நியமிப்பவர்கள், மற்றவர்களை மாநிலச் சட்டமன்ற உறுப்பினர்கள் தேர்ந்தெடுக்கிறார்கள். தமிழ்நாட்டுக்கு 18. ஒவ்வொருவருக்கும் ஆறு வருஷப் பதவி, இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை மூன்றில் ஒரு பங்கினர் ஓய்வு பெறுவார்கள், ஆகவே இந்த அவை கலையவே கலையாது. சட்டமன்றத் தேர்தலில் நாம் போடும் ஓட்டு மறைமுகமாக டெல்லியிலும் வேலை செய்கிறது என்பதைப் பலரும் யோசிப்பதில்லை. அண்ணா 1962ல் டெல்லிக்குப் போனது இந்த மாநிலங்களவை வழியாகத்தான்.

மக்களவையை நடத்துபவர் சபாநாயகர். மாநிலங்களவைக்குத் துணைக் குடியரசுத் தலைவரே அவைத்தலைவர். துணை சபாநாயகர் என்ற பதவியும் உண்டு. நம்ம ஊர்க்காரர் மு. தம்பிதுரை அந்தப் பதவியில் இரண்டு முறை இருந்திருக்கிறார். 2019 முதல் 2024 வரை இருந்த 17வது மக்களவையில் மட்டும் ஐந்து வருஷமும் அந்த நாற்காலியை நிரப்பாமலேயே ஓட்டிவிட்டார்கள். "கூடிய விரைவில்" நிரப்பவேண்டும் என்று 93வது பிரிவு சொல்லியும் இப்படி நடந்தது தவறு என்றுதான் நான் நினைக்கிறேன்.

இடங்களின் எண்ணிக்கை பற்றி இன்னும் ஒன்று. 1962 தேர்தலில் நமக்கு 41 மக்களவை இடங்கள் இருந்தன, 1967ல் அது 39 ஆகிவிட்டது. மக்கள்தொகையை வைத்துப் பிரித்தபோது இரண்டு போயிற்று. அப்புறம் 1976ல் வந்த 42வது திருத்தம் மாநிலங்களுக்கு இடையிலான பங்கீட்டை 1971 கணக்கெடுப்போடு உறைய வைத்தது, 84வது திருத்தம் அந்த உறைவை 2026க்குப் பிறகு எடுக்கப்படும் முதல் கணக்கெடுப்பு வரை நீட்டியது. தொகுதி மறுவரையறை என்றதும் இங்கே எல்லாக் கட்சிகளும் பதறுவதற்குப் பின்னால் இருக்கும் கணக்கு இதுதான். குடும்பக் கட்டுப்பாட்டை ஒழுங்காகச் செய்த மாநிலத்தின் குரல் அதனாலேயே சிறுத்துப் போவதில் நியாயமே இல்லை.

எதில் சட்டம் போடலாம், எதில் கூடாது

ஒரு மசோதா பற்றிச் செய்தி வந்தால் நான் முதலில் பார்ப்பது அது எந்தப் பட்டியலில் வருகிறது என்பதை. ஏழாவது அட்டவணையில் மூன்று பட்டியல்கள் இருக்கின்றன. பாதுகாப்பு, ரயில்வே, வங்கி, வெளியுறவு போன்றவை மத்தியப் பட்டியல், அங்கே நாடாளுமன்றம் மட்டும்தான். காவல்துறை, பொது சுகாதாரம், நிலம், வேளாண்மை போன்றவை மாநிலப் பட்டியல். பொதுப்பட்டியலில் இரண்டு பேரும் சட்டம் போடலாம், மோதல் வந்தால் பொதுவாக மத்தியச் சட்டமே நிற்கும். மூன்றிலும் வராத புது விஷயம் ஏதாவது முளைத்தால் அது நாடாளுமன்றத்துக்கு.

கல்வி முதலில் மாநிலப் பட்டியலில்தான் இருந்தது. நெருக்கடி நிலைக் காலத்தில் அதே 42வது திருத்தம் அதைப் பொதுப்பட்டியலுக்கு நகர்த்தியது, கூடவே காடும் வனவிலங்குப் பாதுகாப்பும் போயின. நீட் விவகாரத்தில் தமிழ்நாடு சட்டமன்றம் ஒரு மசோதாவை நிறைவேற்றிவிட்டு டெல்லியின் ஒப்புதலுக்குக் காத்திருக்கவேண்டி வந்தது இதனால்தான். அந்தத் திருத்தம் நடக்காமல் இருந்திருந்தால் பேச்சே வேறு மாதிரி இருந்திருக்கும்.

மாநிலப் பட்டியலும் முழுக்கப் பத்திரமானது இல்லை. தேச நலனுக்குத் தேவை என்று மாநிலங்களவை மூன்றில் இரண்டு பங்கு ஆதரவோடு தீர்மானம் போட்டால், மாநிலப் பட்டியலில் இருக்கும் விஷயத்திலும் நாடாளுமன்றம் தற்காலிகமாகச் சட்டம் போடலாம், இது 249வது பிரிவு. அப்புறம் 3வது பிரிவு: ஒரு மாநிலத்தைப் பிரிக்க, சேர்க்க, பெயர் மாற்ற சாதாரணப் பெரும்பான்மை போதும். சம்பந்தப்பட்ட சட்டமன்றத்திடம் கருத்துக் கேட்கவேண்டும், ஆனால் கேட்டதை ஏற்கவேண்டியதில்லை. 2014ல் ஆந்திரச் சட்டமன்றம் பிரிவினை மசோதாவை நிராகரித்த பிறகும் நாடாளுமன்றம் அதை நிறைவேற்றித் தெலங்கானா பிறந்தது.

அதற்காக நாடாளுமன்றம் எதை வேண்டுமானாலும் செய்துவிடலாம் என்று இல்லை. அரசியலமைப்பைத் திருத்தலாம், ஆனால் அதன் அடிப்படைக் கட்டமைப்பைக் குலைக்கக் கூடாது என்று 1973ல் கேசவானந்த பாரதி வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. இரண்டு அவைகளும் நிறைவேற்றி, பாதிக்கு மேற்பட்ட மாநிலங்களும் ஒப்புக்கொண்ட நீதிபதிகள் நியமன ஆணையத் திருத்தத்தையே 2015ல் ரத்து செய்தார்கள்.

ஒரு மசோதாவைப் பின்தொடர்வது

சன்சத் டாட் இன் என்ற இணையதளம்தான் நாடாளுமன்றத்தின் அதிகாரபூர்வத் தளம். அதில் மசோதாக்கள் பகுதிக்குப் போனால் ஒவ்வொன்றும் எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்று தேதியோடு இருக்கும். பிஆர்எஸ் என்ற ஆய்வு அமைப்பின் தளத்தில் எளிய சுருக்கம் கிடைக்கும், ஆங்கிலத்தில்தான், ஆனாலும் மசோதாவை விட அது படிக்கச் சுலபம்.

மசோதா அவைக்கு வருவதற்கு முன்பே ஒரு வாய்ப்பு இருக்கிறது. வரைவைக் குறைந்தது 30 நாள் பொதுவில் வைத்துக் கருத்துக் கேட்கவேண்டும் என்று 2014ல் மத்திய அரசே ஒரு கொள்கை வகுத்தது. அது சட்டம் இல்லை, அதனால் பல மசோதாக்களில் அதைக் கடைப்பிடிப்பதும் இல்லை. இருந்தாலும் உங்கள் தொழிலுக்குச் சம்பந்தப்பட்ட அமைச்சகத்தின் தளத்தை அவ்வப்போது எட்டிப்பார்ப்பது நல்லது.

மசோதாவின் பிரதி கிடைத்ததும் முதல் பக்கத்திலிருந்து படிக்க ஆரம்பிக்காதீர்கள், நொந்துபோய் மூடிவைத்துவிடுவீர்கள். கடைசிப் பக்கங்களுக்குப் போங்கள். அங்கே நோக்கங்களும் காரணங்களும் என்று ஓர் அறிக்கை இருக்கும், எதற்காக இந்தச் சட்டம் என்று அமைச்சர் கையெழுத்தோடு சொல்லியிருப்பார். அடுத்து நிதிக் குறிப்பு, இதற்கு எவ்வளவு செலவாகும் என்பது. அதற்கடுத்து ஒரு குறிப்பு வரும், சட்டம் வந்த பிறகு எந்தெந்த விஷயங்களை அரசு தானே விதிகள் மூலம் முடிவு செய்துகொள்ளும் என்ற பட்டியல் அது. இதைத்தான் நான் ரொம்ப கவனமாகப் படிப்பேன். யாருக்கு அபராதம், யாருக்கு விலக்கு, எவ்வளவு கட்டணம் என்ற முக்கியமான விஷயமெல்லாம் "விதிகளில் வகுக்கப்படும்" என்று தள்ளப்பட்டிருந்தால், அவையில் நடக்கும் விவாதம் பாதி விஷயத்தைப் பற்றித்தான் என்று புரிந்துகொள்ளுங்கள். ஏற்கெனவே இருக்கும் சட்டத்தைத் திருத்தும் மசோதா என்றால், பழைய வரிகளும் பின்னிணைப்பாகக் கொடுத்திருப்பார்கள், இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்தால் என்ன மாறுகிறது என்று தெரிந்துவிடும்.

அறிமுகம் முடிந்ததும் மசோதா குழுவுக்குப் போகிறதா என்று பாருங்கள். துறைவாரி நிலைக்குழுக்கள் மொத்தம் 24, ஒவ்வொன்றிலும் 31 பேர், மக்களவையிலிருந்து 21, மாநிலங்களவையிலிருந்து 10. அமைச்சர்கள் இதில் உறுப்பினராக இருக்க முடியாது. அதிகாரிகளைக் கூப்பிட்டு விசாரிப்பார்கள், நிபுணர்களையும் பாதிக்கப்படுபவர்களையும் கூப்பிடுவார்கள், பத்திரிகை விளம்பரம் கொடுத்துப் பொதுமக்களிடமும் கருத்துக் கேட்பார்கள். கூட்டம் மூடிய கதவுக்குள் நடக்கிறது, கேமரா இல்லை, அதனால் கட்சி வேறுபாட்டை மறந்து வேலை பார்க்கிறார்கள். 15வது மக்களவையில் பத்தில் ஏழு மசோதாக்கள் குழுவுக்குப் போயின, 17வதில் அது ஆறில் ஒன்றுக்கும் கீழே இறங்கிவிட்டது. நாடாளுமன்றம் பற்றி எனக்கு இருக்கும் மிகப் பெரிய கவலை இதுதான், வெளிநடப்போ கூச்சலோ இல்லை.

குழுவுக்குப் போனால் என்ன ஆகும் என்பதற்குத் தனிநபர் தரவுப் பாதுகாப்பு மசோதா நல்ல உதாரணம். 2019 டிசம்பரில் கூட்டுக் குழுவுக்குப் போயிற்று, இரண்டு வருஷம் ஆராய்ந்து ஏராளமான திருத்தங்களைச் சொன்னார்கள், அரசு 2022ல் அந்த மசோதாவையே திரும்பப் பெற்றுக்கொண்டு 2023ல் புதிதாக ஒன்றைக் கொண்டுவந்தது. புதியது நல்லதா என்பது தனி விவாதம். ஆனால் பழையதில் இருந்த ஓட்டைகள் எழுத்தில் பதிவாகி இன்றைக்கும் யாரும் எடுத்துப் படிக்கலாம் என்ற நிலையில் இருக்கின்றன. அறிக்கையின் கடைசியில் மாற்றுக் கருத்துக் குறிப்புகள் இருக்கும், பெரும்பான்மை முடிவை ஏற்காத உறுப்பினர்கள் எழுதியவை. அதைத் தவறவிடாதீர்கள், மொத்த அறிக்கையிலும் நேராகப் பேசும் பகுதி அதுதான்.

அப்புறம் வாக்கெடுப்பு. பெரும்பாலான மசோதாக்கள் குரல் வாக்கெடுப்பில் நிறைவேறுகின்றன, "ஆம்" "இல்லை" என்று கத்துவார்கள், எந்தப் பக்கம் பெரும்பான்மை என்று தலைவர் அறிவிப்பார். இதில் யார் எப்படி ஓட்டுப் போட்டார் என்று பதிவே இருக்காது. உறுப்பினர் யாராவது அதை ஏற்காமல் டிவிஷன் கேட்டால் எண்ணிப் பதிவு செய்யவேண்டும். 2025 ஏப்ரலில் வக்ஃப் திருத்த மசோதா மக்களவையில் 288க்கு 232, மாநிலங்களவையில் 128க்கு 95 என்று நிறைவேறியது, அதில் யார் எந்தப் பக்கம் என்று பெயர் பெயராகப் பார்க்கலாம். மாறாக 2020 செப்டம்பர் 20 அன்று மாநிலங்களவையில் இரண்டு வேளாண் மசோதாக்கள் கடும் அமளிக்கு நடுவில் குரல் வாக்கெடுப்பில் நிறைவேறின, எதிர்க்கட்சிகள் டிவிஷன் கேட்டும் நடக்கவில்லை. அதே வேளாண் சட்டங்களை ரத்து செய்யும் மசோதா 2021 நவம்பர் 29 அன்று இரண்டு அவைகளிலும் ஒரே நாளில், விவாதமே இல்லாமல் நிறைவேறியது. கொண்டுவந்தபோதும் ஒழுங்காகப் பேசவில்லை, எடுத்தபோதும் பேசவில்லை.

ஒரு அவையில் முடிந்தால் அடுத்த அவைக்குப் போகும். இரண்டுக்கும் ஒத்துவராவிட்டால் கூட்டுக் கூட்டம் கூட்டலாம். இதுவரை மூன்று முறைதான் அப்படி மசோதா நிறைவேறியிருக்கிறது: 1961ல் வரதட்சணைத் தடை, 1978ல் வங்கிப் பணியாளர் தேர்வாணையம் தொடர்பானது, 2002ல் பொடா என்ற பயங்கரவாதத் தடுப்புச் சட்டம். எண்ணிக்கையில் மக்களவை இரண்டு மடங்குக்கு மேல் என்பதால் கூட்டுக் கூட்டம் என்றால் பெரும்பாலும் மக்களவைதான் ஜெயிக்கும்.

வரி, அரசுச் செலவு போன்ற பண விஷயங்களை மட்டும் தொடும் பண மசோதா என்றால் கதை வேறு. அது மக்களவையில் மட்டும்தான் அறிமுகமாகும், மாநிலங்களவை 14 நாளுக்குள் ஆலோசனை சொல்லித் திருப்பி அனுப்பவேண்டும், அந்த ஆலோசனையையும் மக்களவை ஏற்கவேண்டியதில்லை. ஒன்று பண மசோதாவா இல்லையா என்று சொல்லும் அதிகாரம் சபாநாயகருடையது. 2016ல் ஆதார் மசோதா இப்படித்தான் போனது, மாநிலங்களவை சொன்ன திருத்தங்கள் எதுவும் ஏறவில்லை. 2018ல் உச்ச நீதிமன்றத்தில் பெரும்பான்மை நீதிபதிகள் அதை ஏற்றார்கள், நீதிபதி சந்திரசூட் கடுமையாக மறுத்து எழுதினார். ஆகவே மசோதாவின் வகை என்ன என்பதை ஆரம்பத்திலேயே பார்த்துக்கொள்ளுங்கள், மாநிலங்களவையின் கை கட்டப்பட்டிருக்கிறதா இல்லையா என்பது அதில் தெரிந்துவிடும்.

அரசியலமைப்புத் திருத்தம் என்றால் மொத்த உறுப்பினர்களில் பாதிக்கு மேலும், வந்திருந்து ஓட்டுப் போட்டவர்களில் மூன்றில் இரண்டு பங்கும் இரண்டு அவைகளிலும் தனித்தனியாகக் கிடைக்கவேண்டும், இதற்குக் கூட்டுக் கூட்டம் கிடையாது. 2023ல் மகளிர் இட ஒதுக்கீட்டுக்கு மக்களவையில் 454 பேர் ஆதரவு, 2 பேர் எதிர்ப்பு.

குடியரசுத் தலைவர் ஒப்புதல் கொடுத்து அரசிதழில் வந்துவிட்டது, சரி, சட்டம் நடைமுறைக்கு வந்துவிட்டதா? பல சமயம் இல்லை. அரசு அறிவிக்கும் தேதியிலிருந்து என்று சட்டத்திலேயே எழுதியிருப்பார்கள். 2019லும் 2020லும் நிறைவேறிய நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் 2025 நவம்பர் 21 அன்றுதான் நடைமுறைக்கு வந்தன. வாட்ஸப்பில் "புதுச் சட்டம் வந்துவிட்டது" என்று ஏதாவது வந்தால் அந்த அறிவிக்கை வெளியாகிவிட்டதா என்று தேடிவிட்டு அப்புறம் பகிருங்கள்.

அவை கூடாத நேரத்தில் அரசு அவசரச் சட்டம் போடலாம் என்பதையும் நினைவில் வையுங்கள். அவை மறுபடி கூடி ஆறு வாரத்துக்குள் நிறைவேற்றாவிட்டால் அது காலாவதி. இரண்டு கூட்டத்தொடர்களுக்கு இடையில் ஆறு மாதத்துக்கு மேல் இடைவெளி விடக் கூடாது என்ற விதியும் இருக்கிறது.

ஓட்டை வைத்து எம்.பி.யை ஏன் எடை போட முடியாது

டிவிஷன் பதிவைப் பார்த்துவிட்டு "இவர் இந்தச் சட்டத்துக்கு ஓட்டுப் போட்டுவிட்டாரே" என்று கோபப்படுவதில் அவ்வளவாகப் பயனில்லை. 1985ல் வந்த கட்சித் தாவல் தடைச் சட்டப்படி, எப்படி ஓட்டுப் போடவேண்டும் என்று கட்சியின் கொறடா இடும் உத்தரவை மீறி ஓட்டுப் போட்டால், ஏன், ஓட்டுப் போடாமல் வெளியே இருந்தால்கூட பதவி போகலாம். மனசாட்சிப்படி ஓட்டுப் போடு என்று நாம் கேட்பதற்கு விலை அவருடைய பதவி. கட்சி மாறி ஆட்சி கவிழ்க்கும் வியாபாரத்தைத் தடுக்க வந்த சட்டம், சாதாரண மசோதாவுக்கும் எம்.பி.யின் வாயைக் கட்டிவிட்டது. நம்பிக்கை வாக்கெடுப்புக்கும் பட்ஜெட்டுக்கும் மட்டும் இது பொருந்தினால் போதும் என்பது என் கருத்து.

நம்பிக்கை வாக்கெடுப்பில் ஒரே ஒரு ஓட்டு என்ன செய்யும் என்று தமிழ்நாட்டுக்காரர்களுக்குச் சொல்லவேண்டியதில்லை. அதிமுக ஆதரவை விலக்கிக்கொண்ட பிறகு 1999 ஏப்ரல் 17 அன்று வாஜ்பாய் அரசு 269க்கு 270 என்று தோற்றது. அமைச்சரவை மக்களவைக்குத்தான் பதில் சொல்லக் கடமைப்பட்டது, மாநிலங்களவையால் அரசைக் கவிழ்க்க முடியாது.

கொறடா கை நீளாத இடங்கள் இரண்டு. ஒன்று மேலே சொன்ன குழு. இன்னொன்று கேள்வி நேரம்.

கேள்விகளைப் படியுங்கள்

கேள்வி நேரம் மக்களவையில் காலை 11 மணிக்கு, மாநிலங்களவையில் பகல் 12 மணிக்கு. நட்சத்திரக் குறியிட்ட கேள்விக்கு அமைச்சர் வாயால் பதில் சொல்லவேண்டும், அங்கேயே துணைக் கேள்வி கேட்கலாம். மக்களவையில் ஒரு நாளைக்கு இப்படி 20 கேள்விகள் பட்டியலில் வரும், ஆனால் நேரம் சிலவற்றுக்குத்தான் போதும். குறியில்லாத கேள்விகள் நாளைக்கு 230 வரை, அவற்றுக்கு எழுத்தில் பதில். எந்த அமைச்சகத்துக்கு எந்தக் கிழமை என்று முன்பே பிரித்து வைத்திருப்பார்கள்.

டிவியில் வராத இந்த எழுத்துப் பதில்கள்தான் புதையல். ஒரு திட்டத்தில் எந்த மாநிலத்துக்கு எவ்வளவு பணம் ஒதுக்கினார்கள், எவ்வளவு செலவானது, எத்தனை பணியிடம் காலி, எத்தனை மீனவர்களை இலங்கைக் கடற்படை பிடித்தது, எந்த ரயில் பாதை வேலை எந்த அளவில் நிற்கிறது என்றெல்லாம் அரசே கொடுத்த எண்கள் அதில் கிடைக்கின்றன. தகவல் உரிமைச் சட்டத்தில் மனுப் போட்டுக் காத்திருப்பதற்கு முன் இங்கே தேடிப் பாருங்கள், யாராவது ஒரு எம்.பி. ஏற்கெனவே கேட்டிருக்க நல்ல வாய்ப்பு இருக்கிறது. சன்சத் தளத்தில் கேள்விகள் பகுதியில் உறுப்பினர் பெயர், அமைச்சகம், தேதி மூன்றில் எதை வைத்தும் தேடலாம்.

உங்கள் எம்.பி. பெயரைப் போட்டுப் பட்டியலை எடுத்ததும் எண்ணிக்கையைப் பார்த்து மயங்காதீர்கள். 300 கேள்வி கேட்டவரில் பாதி, பல எம்.பி.க்கள் பெயர் சேர்த்துக் கேட்ட பொதுக் கேள்வியாக இருக்கலாம். 40 கேள்வி கேட்டவர் ஒரே பிரச்சினையை விடாமல் துரத்தியிருக்கலாம். நான் பார்ப்பது, தொகுதிக்குச் சம்பந்தமான விஷயத்தில் போன முறை கிடைத்த மழுப்பலான பதிலைப் பிடித்துக்கொண்டு மறுபடி கேட்டிருக்கிறாரா என்பது. அமைச்சராக இருப்பவர்கள் கேள்வி கேட்க மாட்டார்கள், வருகைப் பதிவேட்டிலும் கையெழுத்துப் போடவேண்டியதில்லை, எனவே அவர்கள் பெயரில் பூஜ்யம் இருந்தால் அது குறையில்லை. வருகை சதவீதமும் கையெழுத்தை மட்டும்தான் காட்டும், எவ்வளவு நேரம் உட்கார்ந்திருந்தார் என்பதை அல்ல.

பதிலைப் படிக்கும்போது இரண்டு வாக்கியங்களைக் கவனியுங்கள். "இது மாநில அரசின் பொறுப்பு" என்று வந்தால் மூன்று பட்டியல்களுக்குத் திரும்பிப் போய்ச் சரிபாருங்கள், சில சமயம் உண்மை, சில சமயம் தப்பித்தல். "தகவல் சேகரிக்கப்பட்டு அவையில் வைக்கப்படும்" என்று வந்தால் அது வாக்குறுதியாகப் பதிவாகிறது, அதைக் கண்காணிக்க அரசு வாக்குறுதிகளுக்கான குழு என்றே ஒன்று இருக்கிறது. சில மாதம் கழித்து அந்தத் தகவல் வந்ததா என்று பார்க்கலாம், வராவிட்டால் எம்.பி.க்கு நினைவூட்டலாம்.

கேள்வி நேரம் போக, முன்னறிவிப்பு அதிகம் இல்லாமல் அவசர விஷயங்களை எழுப்பும் பூஜ்ய நேரமும் உண்டு. அங்கே எழுப்புவதற்கு அமைச்சர் உடனே பதில் சொல்லவேண்டும் என்ற கட்டாயம் இல்லை. எம்.பி.க்கள் முகநூலில் போடும் வீடியோக்களில் நிறைய பூஜ்ய நேரத்தில் பேசியவைதான். அதற்கு என்ன பதில் வந்தது என்று அந்தப் பதிவின் கீழேயே கேட்டுப் பாருங்கள்.

பணம் எங்கே போகிறது

பிப்ரவரி 1 அன்று பட்ஜெட் உரையைக் கேட்டுவிட்டு, வருமான வரியில் என்ன மாற்றம் என்று பார்த்துவிட்டு நாம் டிவியை அணைத்துவிடுகிறோம். மக்களவை அனுமதியில்லாமல் அரசு, தன் வருமானமெல்லாம் சேரும் தொகுப்பு நிதியிலிருந்து ஒரு ரூபாய்கூட எடுக்க முடியாது என்பதால், அதற்கப்புறம்தான் வேலையே ஆரம்பம். கூட்டத்தொடரின் இரண்டு பகுதிகளுக்கு நடுவில் நிலைக்குழுக்கள் ஒவ்வொரு அமைச்சகத்தின் மானியக் கோரிக்கையையும், அதாவது செலவுக்கு அது கேட்கும் தொகையை, ஆராய்ந்து அறிக்கை தரும். போன வருஷம் ஒதுக்கியதில் எவ்வளவு செலவழிக்காமல் கிடந்தது என்று அதில் தெளிவாக இருக்கும். ஒதுக்கீட்டைக் குறைக்கச் சொல்லும் வெட்டுத் தீர்மானம் கொண்டுவரலாம், 1 ரூபாயாகக் குறைக்கவேண்டும் என்றால் கொள்கையையே எதிர்க்கிறோம் என்று பொருள், 100 ரூபாய் குறைக்கவேண்டும் என்றால் ஒரு குறிப்பிட்ட குறையைச் சொல்கிறோம் என்று பொருள். விவாதத்துக்கு எடுப்பது சில அமைச்சகங்களைத்தான், மீதியை எல்லாம் கடைசி நாளில் மொத்தமாக ஓட்டுக்கு விட்டு முடித்துவிடுவார்கள்.

செலவழித்த பிறகு கணக்குக் கேட்பது பொதுக் கணக்குக் குழு. 22 பேர், 1967லிருந்து எதிர்க்கட்சி உறுப்பினர்தான் தலைவர் என்பது மரபு. தலைமைக் கணக்குத் தணிக்கையாளரின் அறிக்கையை வைத்துக்கொண்டு அதிகாரிகளை உட்காரவைத்துக் கேட்பார்கள்.

நாம் உள்ளே நுழையும் வழிகள்

குழு கருத்துக் கேட்டு விளம்பரம் கொடுத்தால் பெரும்பாலும் 15 நாள்தான் அவகாசம். நீளமாக எழுதவேண்டாம். எந்தப் பிரிவு, அதில் என்ன சிக்கல், என்ன வார்த்தையை மாற்றவேண்டும், ஏன், இவ்வளவு இருந்தால் போதும். நேரில் சொல்ல விரும்பினால் அதையும் குறிப்பிடுங்கள். மனுக்கள் குழு என்றும் இரண்டு அவைகளிலும் உண்டு, தனிநபரோ சங்கமோ மனுக் கொடுக்கலாம்.

தனிநபர் மசோதா என்று ஒரு வழி இருக்கிறது, அமைச்சராக இல்லாத எந்த எம்.பி.யும் கொண்டுவரலாம், வெள்ளிக்கிழமை பிற்பகலில் எடுப்பார்கள். 1952லிருந்து 14தான் சட்டமாகியிருக்கின்றன, கடைசியாக நடந்தது 1970ல். அதனால் வீண் என்று சொல்லிவிட முடியாது. திருநர் உரிமைகளுக்காகத் திருச்சி சிவா கொண்டுவந்த மசோதா 2015 ஏப்ரல் 24 அன்று மாநிலங்களவையில் நிறைவேறியது, பல பத்து வருஷங்களில் ஒரு அவையைத் தாண்டிய முதல் தனிநபர் மசோதா. மக்களவையில் அது சட்டமாகவில்லை. ஆனால் விஷயத்தை அரசு தட்டிக்கழிக்க முடியாமல் போயிற்று, 2019ல் அரசே ஒரு சட்டம் கொண்டுவந்தது. அந்தச் சட்டத்தில் திருநர் அமைப்புகள் பல குறைகளைச் சொன்னார்கள், சிவாவின் மசோதாவோடு ஒப்பிட்டுப் பார்த்தால் அவர்கள் சொல்வது புரியும்.

ஆனால் நம்மைப் போன்றவர்களுக்கு இருப்பதிலேயே சுலபமான வழி, எம்.பி.க்கு ஒரு கேள்வியை எழுதிக் கொடுப்பது. "எங்கள் பகுதிக்கு ஏதாவது செய்யுங்கள்" என்ற கோரிக்கை மனு மாதிரி இல்லாமல், அப்படியே கேள்வியாக எழுதுங்கள். எந்த அமைச்சகம் என்று மேலே போடுங்கள், மத்திய அரசின் கையில் இருக்கும் விஷயமா என்று உறுதி செய்துகொள்ளுங்கள், பதிலில் எண் வரும்படி கேளுங்கள்: எத்தனை, எந்த வருஷத்தில், எவ்வளவு ரூபாய், எப்போது முடியும். ஏற்கெனவே கேட்டு மழுப்பலாகப் பதில் வந்திருந்தால் அந்தப் பதிலின் எண்ணையும் தேதியையும் சேர்த்துக் கொடுங்கள், எம்.பி. அலுவலகத்தில் வேலை பார்க்கும் பையனுக்கு அது பெரிய உதவி. மக்களவை எம்.பி. அசையாவிட்டால் நம் மாநிலத்தின் 18 மாநிலங்களவை உறுப்பினர்களில் அந்த விஷயத்தில் முன்பு பேசியவர் யார் என்று தேடி அவருக்கு அனுப்புங்கள். அவர்களுக்குத் தொகுதி எல்லை கிடையாது.

கேள்விக்கு 15 முழு நாள் முன்னறிவிப்பு வேண்டும், அப்படிக் கொடுத்தாலும் குலுக்கலில் பெயர் வந்தால்தான் பட்டியலில் ஏறும். பட்ஜெட், மழைக்காலம், குளிர்காலம் என்று வருஷத்துக்கு மூன்று கூட்டத்தொடர்கள் இருக்கின்றன. கூட்டத்தொடர் தொடங்கிய பிறகு போய் நின்றால் பாதி நாட்கள் கைவிட்டுப் போயிருக்கும். தேதி அறிவிப்பு வந்த வாரத்திலேயே அனுப்பிவிடுங்கள், குலுக்கலில் விழாவிட்டால் வேறு நாளுக்கு அதே கேள்வியை மறுபடி போடச் சொல்லலாம்.